லோகாம்பாள் சொன்ன வாடை

தண்ணீருக்குப் பயப்படுகிற பெண் மீன்பிடிக்கிறவனைக் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், கொடித்திட்டுக் குப்பத்தில் எல்லோரும் லோகாம்பாளைக் கைகாட்டுவார்கள். அவள் காட்டூர்க்காரி. நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள். மீஞ்சூரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்வந்த நாட்களில், மார்க்கெட் வாசலில் மீன் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த தருமனைப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். பார்க்காத நாளில் கடையில் துணியைத் தப்பாக அளந்து வெட்டினாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுப் பழவேற்காடு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஏறியபோது ஏரியைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. வயலில் நிற்கிற தண்ணீர் மாதிரி இதுவும் ஒரு தண்ணீர்தான் என்று நினைத்திருந்தாள். வந்து பார்த்தால் கரை தெரியவில்லை. பசியாவரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக முதல்தடவை படகில் ஏற்றியபோது, நடுப்பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவள், அக்கரையில் இறங்கும்வரை திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குப்பம்மாள், "இன்னா காட்டூரே, கண்ண மூடிக்கினா தண்ணி பூடுமா?" என்றாள். படகே சிரித்தது. அன்று ஒட்டிய பெயர்தான். மகளைப் பெற்று வளர்த்துக் கல்யாணமும் செய்து அனுப்பிய பிறகும் அவள் குப்பத்துக்கு இன்னும் காட்டூர்தான். குப்பம்மாள் அவளுக்கு ஓரகத்தி முறை, அடுத்த வீடு, வாயை மட்டும் கழற்றி வைத்துவிட்டால் தங்கமான பெண்பிள்ளை.

பயம் ஒன்றும் குறையவில்லை. அதோடு குடும்பம் நடத்தப் பழகிக்கொண்டாள், அவ்வளவுதான். தருமன் ஏரிக்குப் போகிற இரவெல்லாம் அவள் படுப்பாள், தூங்கமாட்டாள். ஏரியில் எத்தனை இஞ்சின் ஓடினாலும் அவனுடையதைக் காது பிரித்தெடுக்கும். நடுநடுவே ஒரு இருமல் இருமிவிட்டு ஓடுகிற இஞ்சின் அது. அந்த இருமல் கரைக்கு வந்த பிறகுதான் அவளுக்குக் கொட்டாவியே வரும். விடிந்ததும் இறாலையும் மீனையும் கூடையில் போட்டு ஷேர் ஆட்டோவில் மீஞ்சூருக்குக் கொண்டுபோய் விற்பாள். அங்கே வாய்ச்சண்டைக்கு யாரும் அவளிடம் நிற்க முடியாது. தராசைப் பிடித்தால் அவள் வேறு ஆள். ஏரிக்கரைக்குத் திரும்பினால்தான் பழைய லோகாம்பாள்.

குப்பத்தின் வடக்குக் கோடியில், தண்ணீரை ஒட்டி, ஐஸ் கம்பெனி இருந்தது. ஒரு காலத்தில் மீனுக்கு வேண்டிய ஐஸ் எல்லாம் அங்கிருந்துதான் வந்தது. முதலாளி போனதும் பிள்ளைகளுக்குள் தகராறு, பூட்டிவிட்டார்கள். மோட்டார்களை லாரி வைத்து எடுத்துப் போனார்கள். இப்போது ஐஸ் வேனில் வருகிறது. மிச்சமிருந்தது தகரக் கூரையும் மதிலும் பின்பக்கத்தில் துருப்பிடித்த ஒரு பெரிய இரும்பு டாங்கும்தான். மதிலில் பெண்கள் புடவை உலர்த்தினார்கள். நிழலுக்கு ஆடு கட்டினார்கள். கம்பெனிக்கு வடக்கே, முன்பு படகுகள் வந்து ஐஸ் ஏற்றிய பழைய துறை ஒன்று உண்டு. அதுவும் புல் முளைத்துக் கிடந்தது. டாங்குக்குள் இன்னும் அம்மோனியா இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை.

அது மாசி மாதம். வாடைக்காலம் முடிந்தும் முடியாமலும் இருக்கிற மாதம். காலையில் ஒரு காற்று, மத்தியானம் ஒரு காற்று. நடுவில் ஏரி கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கும். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று குப்பத்தில் முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்பார்கள். அன்று தருமனின் பாடு. வடக்கே தூரத்தில் இருக்கும் நல்ல இடம், வருடத்தில் சில தடவைதான் கைக்கு வரும். ஆகையால் முந்தின சாயங்காலமே தனியாகப் போயிருந்தான். விடிந்தும் திரும்பவில்லை. நல்ல பாடு என்றால் தாமதமாகும் என்று லோகாம்பாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குழாயடியில் குடத்தை விளக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் மூத்திர நாற்றம் மாதிரி இருந்தது. யார் வீட்டு ஆடோ அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தாள். அதற்குள் கண் எரிந்தது. மிளகாய் வறுக்கும்போது எரிகிற எரிச்சல் இல்லை. கண்ணுக்குள் யாரோ நகத்தை விட்ட மாதிரி. மூச்சை இழுத்தால் தொண்டை வாங்க மாட்டேன் என்றது. மதிலோரம் கட்டியிருந்த ஆடுகள் ஒரே குரலில் கத்தின. அப்புறம் ஒவ்வொன்றாகக் கத்துவதை நிறுத்தின. மதில் இடிந்திருந்த சந்து வழியாக வெள்ளையாக ஒன்று வந்தது. புகை என்றால் மேலே போகும். இது லேசான எதிர்க்காற்றையும் மீறி, பொங்கி வழிகிற பால் மாதிரி தரையோடு தரையாக வந்தது.

"ஓடுங்கடீ!" என்று குப்பம்மாளின் குரல் கேட்டது. லோகாம்பாள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

குப்பம் முழுக்கத் தெற்கே ஓடியது. புயலுக்காகக் கட்டிய பாதுகாப்புக் கட்டடத்தில் போய் அடைந்தது. பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். யாரோ புடவைத் தலைப்பை நனைத்து மூக்கில் கட்டச் சொன்னார்கள், எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். கோயில் மைக்கில், வீட்டுக்குள் யாரும் இருக்க வேண்டாம், அடுப்பு பற்றவைக்க வேண்டாம் என்று ஒருவன் கத்திக் கத்தி இருமினான். பொன்னேரிப் பக்கமிருந்து இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. பின்னாலேயே மீஞ்சூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒரு வேன் வந்தது. அதிலிருந்து தலையிலிருந்து கால்வரை மஞ்சள் ரப்பர் உடை போட்டு, முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிய ஆட்கள் இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைமை வினோதினி என்ற பெண். முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, முதல் காரியமாக ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலிடுக்கில் தூவிப் பார்த்தாள். மண் லேசாக வடக்கே சாய்ந்து விழுந்தது.

"நல்லவேளை. கேஸ் ஊர்ப்பக்கம் வராது. ஏரிப்பக்கம் போகுது" என்றாள்.

நல்லவேளை என்ற சொல்லைக் கேட்டதும் லோகாம்பாள் ஏரிப்பக்கம் திரும்பினாள்.

தீயணைப்பு வண்டிகள் மதிலுக்கு மேலாகத் தண்ணீரை விசிறியடித்தன. அம்மோனியா தண்ணீரில் கரைந்துவிடும், புகையை அமுக்க அதுதான் வழி என்றார்கள். ஆனால் கரைந்த தண்ணீர் ஏரிக்குப் போனால் மீன் இறால் எல்லாம் சாகும். ஆகவே கம்பெனிக்குள்ளிருந்து வருகிற வாய்க்காலை அடைக்க மணல் மூட்டை வேண்டும். பெண்கள் இறால் தீவனச் சாக்குகளைக் கொண்டுவந்தார்கள். லோகாம்பாளும் ஒரு மம்மட்டியை வாங்கி மணலை அள்ளினாள். கை வேலை செய்தது. காது மட்டும் ஏரியில் இருந்தது.

ஒரு மூட்டை கட்டி முடித்ததும் தாளமுடியாமல் போனை எடுத்தாள். ஏரியில் சிக்னல் வரும், போகும். தருமன் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டிருப்பான், எடுப்பதே அபூர்வம். அன்று எடுத்தான்.

"யோவ், எங்க கீற?"

"வந்துகினே கீறேன். இன்னாத்துக்குக் கத்துற?"

"ஐஸ் கம்பெனியில கேஸு லீக்காயிடுச்சுய்யா! ஊரே ஓடியாந்துட்டுது. வூட்டாண்ட வராத. ஒரே வாடை அடிக்குது!"

"இன்னாது?"

"வாடைய்யா! வாடை அடிக்குது! நிக்க முடியல!"

"வாடையா? இங்க செத்துக் கெடக்குதே!"

"ஐயோ, இன்னா செத்துக் கெடக்குது?"

பதில் வரவில்லை. போன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள்.

லோகாம்பாள் போனை மடியில் செருகினாள். பக்கத்தில் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்த குப்பம்மாளிடம், "யக்கா, அங்க மீனெல்லாம் செத்துக் கெடக்குதாங்க்கா. அதுவரைக்கும் பூட்டுதாம்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அவருதான். போனுல."

"போடி. அந்தப் பாடு எங்க கீது, இது எங்க கீது. பொகை பறந்தா போவும்? மீன்தான் செத்துதுன்னு சொன்னானா?"

"இங்க செத்துக் கெடக்குதேன்னாரு."

"நீ இன்னா கேட்ட?"

"நான் ஒண்ணும் கேக்கல. வாடை அடிக்குது, வராதன்னேன்."

குப்பம்மாள் சாக்கை விட்டாள். மணல் காலில் கொட்டியது.

"யாரு வாடைன்னது? தென்னல் இல்ல அடிக்குது?"

"காத்தச் சொல்லலக்கா. நாத்தத்தச் சொன்னேன்."

குப்பத்தில் காற்றுக்கெல்லாம் பெயர் உண்டு. தெற்கிலிருந்து வந்தால் தென்னல், வடக்கிலிருந்து வந்தால் வாடை. மூக்கில் ஏறுவது நாற்றம். மீன் என்றால் கவுச்சி. அதை யாரும் வாடை என்று சொல்வதில்லை. காட்டூரில் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வெறும் காற்றுதான். அங்கே சாணி வாடை, பூச்சிமருந்து வாடை, எலி செத்த வாடை. இத்தனை வருடம் குப்பத்துப் பேச்சையே பேசிக் குப்பத்துப் பேச்சிலேயே சண்டை போட்டவள்தான். பயம் வந்ததும் நாக்கு பிறந்த வீட்டுக்கு ஓடிவிட்டது.

"அடிப்பாவி!" என்றாள் குப்பம்மாள். அவள் குரலில் எப்போதும் இருக்கிற கேலி இல்லை. அதுதான் லோகாம்பாளை அதிகம் பயமுறுத்தியது. "அங்க காத்து செத்துக் கெடக்குதுன்னு சொல்லியிருக்கான்டி. இங்க வாடை எடுத்துட்டுதுன்னு நம்பிட்டான். மாசி மாசம், நம்பாம இன்னா பண்ணுவான்? வாடைன்னா பொகை தெக்கால, ஊரு மேல வருதுன்னுதானே நெனப்பான்? நீ இங்க மாட்டிகினு கீறன்னு அலறியடிச்சுகினு வருவான். எந்தப் பக்கமா வருவான் சொல்லு?"

சொல்ல வேண்டியதே இல்லை. வாடை அடித்தால் புகை இல்லாத பக்கம் வடக்கு. வடக்கே கரையேற ஒரே இடம் ஐஸ் கம்பெனியின் பழைய துறை. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். மதிலைத் தாண்டி, துறையும் புல்லும் தண்ணீரும் இருந்த இடத்தில் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. தண்ணீரின் மேல் அது மாசிப் பனி மாதிரி அசையாமல், கனமாக, படுத்திருந்தது.

லோகாம்பாள் ஓடினாள். தீயணைப்பு அதிகாரி கயிறு கட்டிய இடத்தில் கையை நீட்டித் தடுத்தார்.

"அம்மா, இந்தப் பக்கம் வரக் கூடாது."

"சார், எங்கூட்டுக்காரரு அந்தத் தொறைக்கு வராரு சார்! பொகைக்குள்ள வராரு!"

"எல்லாருக்கும் சொல்லியாச்சும்மா. ஏரியில இருக்கிறவங்க வர வேணாம்னு மைக்ல சொல்லிட்டோம்."

"அவருக்கு நான்தான் சார் சொன்னேன். வாடைன்னு சொல்லிட்டேன். தென்னல்னு சொல்லியிருக்கணும்..."

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஊர் வேறு. இவள் எதையோ உளறுகிறாள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் குப்பம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "சார், காத்து வடக்கேருந்து அடிக்குதுன்னு நெனச்சுகினு ஒரு ஆளு படகுல வரான். பொகை இல்லாத பக்கம்னு நெனச்சு நேரா அதுக்குள்ளயே வரான். புரியுதா?" என்றாள். புரிந்தது. அவர் வினோதினியைக் கூப்பிட்டார்.

வினோதினி கேட்டுக்கொண்டே கம்பெனியைத் திரும்பிப் பார்த்தாள். "என் ஆளுங்க ரெண்டு பேர் உள்ள இருக்காங்க. டாங்க் வால்வ மூடப் பாக்கறாங்க. அவங்க மேல தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கணும். நிறுத்தினா உடுப்பு தாங்காது. இன்னொரு வண்டி தண்ணி ரொப்பப் போயிருக்கு."

"அப்ப எங்கூட்டுக்காரரு?"

வினோதினி வெள்ளைக்குள் உற்றுப் பார்த்தாள். அவள் கண்கள் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தன. அது புகையாலா வேறெதனாலா என்று சொல்ல முடியாது. உள்ளே இருக்கிற இரண்டு பேருக்கும் வீடு இருக்கும், வீட்டில் ஒருத்தி இருப்பாள் என்று லோகாம்பாளுக்குத் தோன்றியது. தோன்றியதை அவள் வெறுத்தாள். அவர்கள் எக்கேடு கெட்டால் என்ன என்று ஒரு கணம் மனசு சொல்லியது.

அப்போது கேட்டது. தூரத்தில், வெள்ளைக்கு அப்பால், ஒரு இஞ்சின். ஓடி, இருமி, ஓடியது.

"வந்துட்டாரு" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

வினோதினி வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். "வெளிய வாங்க. ரெண்டு பேரும். வால்வ விட்டுடுங்க, வெளிய வாங்க. கேள்வி கேக்காதீங்க." அப்புறம் அதிகாரியிடம், "இவங்க வந்ததும் தண்ணிய வடக்கே திருப்புங்க சார், துறை மேல. நானும் ஒருத்தரும் அந்தப் பக்கம் சுத்திப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே முகமூடியை மாட்டினாள்.

அந்த இரண்டு பேர் வெளியே வர எவ்வளவு நேரமானது என்று பின்னால் யாரைக் கேட்டாலும் உடனே வந்தார்கள் என்றுதான் சொன்னார்கள். லோகாம்பாளுக்கு அது அப்படி இல்லை. இஞ்சின் சத்தம் கிட்டக் கிட்ட வந்துகொண்டே இருந்தது. அவள் கயிற்றுக்கு வெளியே, கிழக்குப் பக்கமாகச் சுற்றிக் கரைக்கு ஓடினாள். ஓடின வேகத்தில் தண்ணீரில் இறங்கிவிட்டாள். முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. கீழே சேறு காலைப் பிடித்து இழுத்தது. கண் திறந்துதான் இருந்தது.

"யோவ்! தென்னலுய்யா! தென்னலு! வராத! கெழக்கால போ! கெழக்கால!"

தண்ணீர் மார்புக்கு வந்தது. கத்திக்கொண்டே இருந்தாள். இஞ்சின் ஓடுகிறவன் காதில் இஞ்சின்தான் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே கத்தினாள். வெள்ளையின் ஓரம் அவளிடமிருந்து கொஞ்ச தூரத்தில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்குள்ளே சத்தம் நுழைந்தது. ஒரு இருமல். இன்னொரு இருமல். அப்புறம் நின்றுவிட்டது.

அவள் வாழ்நாளில் அந்தச் சத்தம் நிற்பதற்காக எத்தனையோ இரவு காத்திருக்கிறாள். நின்றால் வந்துவிட்டான் என்று அர்த்தம். இப்போது நின்றதும் ஏரி முழுக்க ஒரு ஓசையும் இல்லாமல் போயிற்று. அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். அவன் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.

கூப்பிடவில்லை.

பின்னால் தீயணைப்பு வண்டியின் தண்ணீர் திரும்பியது. மதிலைத் தாண்டி வளைந்து வந்து வெள்ளையின் மேல் கனமழை மாதிரி விழுந்தது. விழுந்த இடம் கிழிந்தது. முதலில் துறையின் கற்கள் தெரிந்தன. பிறகு புல். பிறகு படகு. பச்சைப் பட்டை அடித்த அவர்கள் படகுதான். துறையிலிருந்து பத்தடி தள்ளித் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் யாரும் இல்லை.

லோகாம்பாள் பார்த்துக்கொண்டே நின்றாள். படகு மெதுவாகச் சுற்றி மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே விளிம்பில் ஒரு கை இருந்தது. நான்கு விரல் மட்டும். பக்கத்தில் தண்ணீரில் ஒரு துண்டு மிதந்தது.

மஞ்சள் உடைக்காரர்கள் இரண்டு பேர் துறையிலிருந்து தண்ணீரில் குதித்தார்கள். முன்னால் போனது வினோதினி. அவர்கள் அந்த விரல்களைப் படகிலிருந்து பிரிக்கத்தான் மிகவும் சிரமப்பட்டார்கள். இழுத்துக்கொண்டு கிழக்கே, காற்றுக்குக் குறுக்காக, லோகாம்பாள் நின்ற பக்கம் வந்தார்கள். தருமனின் முகம் வெந்த மாதிரி சிவந்திருந்தது. உதடு வெள்ளை. கண் இறுக மூடியிருந்தது. ஒருவர் அவன் முகத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நடந்தார், நிறுத்தவே இல்லை. கரையில் போட்டதும் உடம்பு ஒரு தடவை வில்லாக வளைந்தது. இருமினான். இரத்தமும் நுரையுமாக வந்தது. பின்னாலேயே ஓடிவந்திருந்த குப்பம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு, "இருமுறான்டி, இருமுறான்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆம்புலன்ஸில் லோகாம்பாள் ஈரப் புடவையோடு ஏறினாள். பொன்னேரியில் மருந்து போட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். போகிற வழியெல்லாம் அவள் ஆக்சிஜன் முகமூடியின் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மூச்சுக்கு மூச்சு பனிபடிந்து மறைந்தது. பனி படியக் கொஞ்சம் தாமதமானால்கூட அவள் கை நர்ஸின் சட்டையைப் பிடித்துவிடும்.

பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் தப்பிவிட்டது என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். கண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கட்டு கட்டியிருந்தார்கள். கேட்டால், பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்ற வார்த்தையைப் போய்க் கண்ணைப் பற்றிச் சொல்கிறார்களே என்று அவள் வராந்தாவில் தனியாக நின்று நினைத்தாள்.

ஊரிலிருந்து குப்பம்மாள் போன் செய்தாள். அன்று மத்தியானமே வால்வை மூடிவிட்டார்களாம். முன்னால் வெளியே வந்த அந்த இரண்டு பேர்தான் மறுபடி உள்ளே போனார்களாம். ஒருவருக்குக் கையில் தோல் உரிந்திருக்கிறதாம். டாங்கில் மிச்சமிருந்ததை ஒரு டாங்கர் வண்டி வந்து உறிஞ்சிக்கொண்டு போயிற்றாம். பாத்தி மாதிரி கட்டித் தேக்கிய தண்ணீரையும் மோட்டார் வைத்து எடுக்கிறார்களாம். துறையோரம் இறால் செத்து வெள்ளையாக ஒதுங்கியிருக்கிறதாம். வியாபாரி யாரும் இந்தப் பக்கத்து மீனைத் தொட மாட்டேன் என்கிறானாம். கடைசியாக, "நீ எதையும் மனசுல வெச்சிக்காத. நான் யாருக்கும் சொல்லல" என்றாள். அப்படிச் சொன்னதால்தான் அது மனசில் போய் உட்கார்ந்தது.

போலீஸ்காரர் ஒருவர் வந்து எப்படி நடந்தது என்று கேட்டபோது லோகாம்பாள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தருமனுக்குக் குரல் போயிருந்தது. காகிதம் உரசுகிற மாதிரிப் பேசினான்.

"உங்களுக்குத் தகவல் வரலையாப்பா? வீட்டுல சொல்லலையா?"

"சொன்னா சார். காத்து திடீர்னு மாறிடுச்சு."

"மாறலைங்கறாங்களே. காலையிலேர்ந்து ஒரே காத்துதானாம்."

"கரையில இருக்கறவங்களுக்கு இன்னா சார் தெரியும்" என்றான்.

அவர் போன பிறகும் அவன் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவன் நம்பித்தான் சொன்னானா, அவளுக்காகச் சொன்னானா என்று கட்டுப் போட்ட முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

கட்டு பிரிக்கிற நாள் வந்தது. சன்னலுக்குத் திரை போட்டு அறையை இருட்டாக்கினார்கள். டாக்டர் சின்னப் பெண். மெதுவாகப் பஞ்சை எடுத்தாள். வலது கண் இரத்தமாகச் சிவந்திருந்தது; ஆனால் அசைந்தது, தேடியது, லோகாம்பாளிடம் வந்து நின்றது.

"இன்னா லோகு, இப்படிக் கருத்துப் பூட்ட? ஆஸ்பத்திரியில வெயில்லயா நிக்க வெச்சாங்க?"

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவரோட வலது கண்ண மூடுங்கம்மா, உங்க கையால" என்றாள் டாக்டர். லோகாம்பாள் உள்ளங்கையைக் குவித்து அவன் வலது கண்ணின் மேல் வைத்தாள். இமை மயிர் கையில் பட்டது. இடது கண் திறந்திருந்தது. கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் கஞ்சி ஆடை மாதிரி ஒன்று படர்ந்திருந்தது.

"இப்ப லைட் அடிக்கப் போறேன். தெரிஞ்சா சொல்லுங்க" என்று டாக்டர் சட்டைப் பையில் டார்ச்சைத் தேடினாள்.

லோகாம்பாளின் கை நடுங்கியது. அந்த நடுக்கம் அவன் நெற்றியில் தெரிந்திருக்க வேண்டும். அவன் கையைத் தூக்கி, தடவித் தேடி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியுது, தெரியுது. நல்லாத் தெரியுது" என்றான். "வெளிச்சம் கண்ணைக் கூசுது."

டாக்டர் தேடுவதை நிறுத்திவிட்டு லோகாம்பாளைப் பார்த்தாள். டார்ச் இன்னும் பைக்குள்தான் இருந்தது.

"கூசுதா?" என்று லோகாம்பாள் கேட்டாள். "அப்போ செரி. கொஞ்ச நேரம் மூடிக்கோ."